டிபார்ஜ் அம்மாளின் பின்னல்

திருப்பூர்க்காரர்களுக்குப் பின்னல் என்றால் வயிற்றுப்பாடு. வட்டமாகச் சுழலும் யந்திரத்திலிருந்து துணி குழாய்போல இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெட்டி, தைத்து, பிசிறு நீக்கி, மடித்துப் பெட்டியில் அடுக்குவதற்குள் ஒரு பொழுது போய்விடும். இந்தப் பின்னலுக்கும் கழுத்து வெட்டுக்கும் சம்பந்தம் உண்டென்று பனியன் கம்பெனி வாசலில் நின்று யாராவது சொன்னால், அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் ஆங்கில நாவல் உலகத்தில் அப்படி ஒரு பின்னற்காரி இருக்கிறாள். நூற்றறுபது வருஷங்களுக்கு மேலாக அவள் கை ஓயவில்லை.

அவள் பெயர் டிபார்ஜ் அம்மாள். பாரிஸ் நகரத்தில் ஏழைகள் நெருங்கி வாழும் ஒரு பேட்டையில் அவள் புருஷன் ஒயின் கடை வைத்திருக்கிறான். கடையில் உட்கார்ந்தபடி அவள் பின்னிக்கொண்டே இருக்கிறாள். பார்ப்பவனுக்கு அது சால்வை என்றோ காலுறை என்றோ தோன்றும். உண்மையில் அது ஒரு ஜாபிதா. ஏழைகளை வதைத்த பிரபுக்களின் பெயர், அவர்கள் குடும்பத்தின் பெயர், ஒற்றர்களின் அங்க அடையாளம் எல்லாவற்றையும் தனக்கு மட்டுமே விளங்கும் கண்ணிகளில் அவள் ஏற்றி வைக்கிறாள். ஒரு நாள் அந்த ஜாபிதா படிக்கப்படும். அதில் இருக்கும் பெயர்களெல்லாம் கில்லட்டின் என்னும் சிரச்சேத யந்திரத்துக்குப் போய்ச் சேரும்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'யில் வருகிறவள் இவள். 1859 ஏப்ரல் 30-ம் தேதி தொடங்கி நவம்பர் 26-ம் தேதி முடிய, தாமே நடத்திய வாரப் பத்திரிகையில் முப்பத்தோரு வாரம் இதைத் தொடர்கதையாக டிக்கன்ஸ் எழுதினார். இரண்டு நகரங்கள் என்பவை லண்டனும் பாரிஸும். காலம் பிரஞ்சுப் புரட்சிக் காலம். ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் மனமுவந்து கில்லட்டினில் தலையைக் கொடுப்பது கதையின் முடிவு. அந்த முடிவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். எனக்கோ, நாவலைப் படித்து முடித்து வைத்த பிறகும் கண்ணில் நிற்பவள் அந்தப் பின்னற்காரிதான்.

சரித்திர நாவல் என்றதும் நமக்கு ராஜாக்கள் நினைவுக்கு வருகிறார்கள். 'சிவகாமியின் சபத'மும் 'பொன்னியின் செல்வ'னும் நமக்குப் போட்டுத் தந்த ராஜபாட்டை அது. அதில் நடந்து நாம் அடைந்த இன்பம் கொஞ்சமல்ல. குறை சொல்ல எனக்கு மனமில்லை. டிக்கன்ஸ் நடந்தது வேறு தெரு. பதினாறாம் லூயி மன்னனின் தலை 1793 ஜனவரி 21-ம் தேதி விழுந்தது. ஐரோப்பாவையே உலுக்கிய சம்பவம். டிக்கன்ஸ் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறார். ஆனால் ஒரு பிரபுவின் கோச்சு வண்டி தெருவில் ஒரு குழந்தைமேல் ஏறிப் போவதை நிதானமாக நின்று எழுதுகிறார். பிரபு ஒரு பொற்காசை வெளியே வீசுகிறான். வண்டி கிளம்பும்போது அந்தக் காசு திரும்பி வந்து வண்டிக்குள்ளேயே விழுகிறது. புரட்சி என்றால் என்ன என்று கேட்கிற பையனுக்கு இந்தக் காசு திரும்பி வந்த கதையைச் சொன்னால் போதும்.

பாஸ்டில் சிறையில் பதினெட்டு வருஷம் அடைபட்டுக் கிடந்த டாக்டர் மானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த பிறகும் அவர் குனிந்து பாதரட்சை தைத்துக்கொண்டே இருக்கிறார். பெயர் என்ன என்று கேட்டால், தாம் அடைபட்டிருந்த அறையின் எண்ணைச் சொல்கிறார். சரித்திரக் கணக்குப்படி 1789 ஜூலை 14-ம் தேதி ஜனங்கள் பாஸ்டிலைப் பிடித்தபோது அதற்குள் இருந்த கைதிகள் ஏழே பேர். டாக்டர் மானெட் அந்த ஏழு பேரில் ஒருவரல்லர்; நாவலில்கூட அவர் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே விடுதலையாகிவிட்டவர். அதனால் அவர் பொய் ஆகிவிடவில்லை. விசாரணை இல்லாமல், ராஜ முத்திரை இட்ட ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டே மனிதர்களைப் பாஸ்டிலில் அடைத்தது நிஜம். அடைபட்டவனின் மனசு என்ன ஆகும் என்பதைத் தஸ்தாவேஜு சொல்லாது. நாவலாசிரியன்தான் சொல்ல வேண்டும்.

பின்னற்காரிக்கும் நிஜத்தில் ஆதாரம் உண்டு. 1789 அக்டோபர் 5-ம் தேதி பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு, கொட்டுகிற மழையில் வெர்ஸேல்ஸ் அரண்மனை வரை நடந்தே போனார்கள். மறுநாள் ராஜாவையும் ராணியையும் தங்களோடு பாரிஸுக்கு அழைத்து வந்தார்கள். புரட்சியின் போக்கையே திருப்பிய காரியம் அது. அதே புரட்சி 1793 அக்டோபரில் பெண்களின் சங்கங்களைத் தடை செய்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. சபை மாடங்களில் உட்கார்ந்து நடவடிக்கைகளைக் கேட்டபடி பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்குப் 'பின்னற்காரிகள்' என்ற பெயர் நிலைத்தது. கில்லட்டின் அடியில் உட்கார்ந்து, விழும் தலையை எண்ணிக்கொண்டே பின்னினார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அந்தப் பேச்சிலிருந்துதான் டிக்கன்ஸ் தம் பாத்திரத்தைப் படைத்தார். ரொட்டி கேட்டு நடந்த பெண்ணை விட்டுவிட்டுப் பழி கேட்டுப் பின்னிய பெண்ணை எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அவளை வெறும் ராட்சசியாக விட்டுவிடவில்லை. அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதைக் கடைசியில் திறந்து காட்டுகிறார். அந்தப் பிரபு குடும்பம் அவளுடைய அக்காளைக் கெடுத்தது, அண்ணனைக் கொன்றது, குடும்பத்தையே அழித்தது. எஞ்சியவள் இவள் ஒருத்தி. கொடுமை விதைத்தவன் வேறு எதை அறுவடை செய்வான் என்று டிக்கன்ஸ் கேட்கிறார். அதே சமயம், அவள் ஜாபிதா நீண்டுகொண்டே போய்க் குற்றமற்றவனையும் அவன் பெண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும்போது, அது நியாயமல்ல என்றும் சொல்கிறார். கோபத்தின் காரணத்தையும் கோபத்தின் குற்றத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தியதால்தான் அந்த நாவல் இன்னும் நிற்கிறது.

இவ்வளவு விசாலமான மனசு படைத்தவருக்கு நம் நாட்டைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருந்தது?

நாவல் வெளிவருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1857-ல், வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி எழுந்தது. கான்பூரில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட செய்தி லண்டனுக்கு எட்டியது. அந்த வருஷம் அக்டோபர் மாதம் டிக்கன்ஸ் தம் சிநேகிதியான ஒரு சீமாட்டிக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவில் தாம் படைத் தலைவராக இருந்தால், அந்தக் கொடுமைகளுக்குக் காரணமான இனத்தையே பூண்டோடு அழிப்பதற்குத் தம்மால் ஆனதைச் செய்வதாக அதில் சொல்கிறார். அவருடைய மகன் வால்ட்டர், பதினாறு வயதுப் பையன், அந்த வருஷம்தான் கும்பினிப் படையில் சேர இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். தகப்பன் மனசு பதறியிருக்கும். இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பையன் ஊர் திரும்பவே இல்லை. 1863-ம் வருஷத்தின் கடைசி நாளில், இருபத்திரண்டு வயதில், கல்கத்தாவில் இறந்து போனான்.

பதற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாரிஸில் ஒரு குழந்தை வண்டிச் சக்கரத்தில் அரைபட்டதிலிருந்து புரட்சிக்குக் காரணம் தேடிப் போன அதே பேனா, இந்தியாவில் எந்தக் குழந்தை எந்தச் சக்கரத்தில் அரைபட்டது என்று கேட்கவில்லை. பிரஞ்சுக்காரன் கிளர்ந்தால் அதற்கு ஒரு கதை உண்டு. இந்தியன் கிளர்ந்தால் அதற்குத் தண்டனைதான் உண்டு. டிக்கன்ஸை ஏசுவதற்காக இதை நான் எழுதவில்லை. பெரிய மனசுக்கும் ஓர் எல்லைக்கல் உண்டு என்பதற்காக எழுதுகிறேன். அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்ற நம்முடைய கதையை அவர் எழுதியிருக்க முடியாது. அது நம் வேலை.

எழுதுவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். டிபார்ஜ் அம்மாள் பின்னிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் நம் கொங்கு நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அன்று இது மைசூர் ராஜ்யத்தின் கீழ் இருந்தது. 1790-ல் கோயம்புத்தூர்க் கோட்டையைக் கும்பினிப் படை பிடித்தது. 1791-ல் திப்பு சுல்தானின் படை முற்றுகையிட்டுத் திரும்பப் பிடித்தது. 1792 உடன்படிக்கையில் சேலம், திண்டுக்கல் பக்கங்கள் கும்பினிக்குப் போயின. கோயம்புத்தூர்ப் பக்கம் திப்புவிடம் தங்கியது. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டதும் இதுவும் கும்பினியின் கைக்குப் போயிற்று. பத்து வருஷத்துக்குள் இத்தனை கை மாறியது ராஜ்யம். உழுதவன் மட்டும் அதே காட்டில் அதே கம்பும் சோளமும் பருத்தியும் போட்டு, வந்தவனுக்கெல்லாம் வரி கட்டிக்கொண்டிருந்தான்.

பிரஞ்சுப் புரட்சியின் காற்று இந்தப் பக்கம் வீசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1797-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவிடம் வேலை பார்த்த பிரஞ்சுக்காரர்கள் ஒரு ஜாகோபின் சங்கம் அமைத்தார்கள். சுதந்திர மரம் நட்டு அதன் தலையில் சிவப்புக் குல்லாய் மாட்டினார்கள். திப்புவை அரசன் என்று சொல்லாமல் 'பிரஜை திப்பு' என்று அழைத்தார்கள் என்று ஒரு தஸ்தாவேஜு உண்டு. கோட்டை விழுந்த பிறகு ஆங்கிலேயர் வெளியிட்ட தஸ்தாவேஜு ஆகையால், அதில் எவ்வளவு நிஜம் என்று சரித்திரக்காரர்கள் சந்தேகப்படுகிறார்கள். எப்படி இருந்தாலும், பாரிஸ் பெயரைச் சொன்னால் கும்பினிக் கவர்னர்களின் தூக்கம் கெட்டது உண்மை. திப்புவின்மேல் யுத்தம் தொடுக்க அந்தப் பிரஞ்சுப் பயமே போதுமான சாக்காக இருந்தது.

கும்பினியின் ஆட்சி பாளையக்காரர்களின் ஆயுதத்தைக் கேட்டது. கோட்டையை இடிக்கச் சொன்னது. நிலத்தை அளந்து வரியைக் கறாராக வாங்கியது. 1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதோடு அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. விருபாட்சி கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்கள், மைசூருக்கு வடக்கே தூந்தாஜி வாக் என்று பல திசையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஆள் அனுப்பிக் கூட்டு ஏற்படுத்திக்கொண்டார்கள். 1800 ஜூன் 3-ம் தேதி கோயம்புத்தூர்க் கோட்டையை ஒரே அடியாக அடித்துப் பிடிப்பது என்று திட்டம். அது மொஹரம் பத்தாம் நாள். கோட்டைக்குள் இருந்த முஸ்லிம் சிப்பாய்கள் பண்டிகையில் ஈடுபட்டிருப்பார்கள் என்று நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது. கும்பினிப் படை முந்திக்கொண்டது. பிடிபட்டவர்களுக்கு ராணுவ விசாரணை நடந்தது. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை. கோயம்புத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஜனங்கள் கண்டு அஞ்சும்படி அதை நிறைவேற்றினார்கள். பாரிஸில் கில்லட்டின் நடுத் தெருவில் நின்றது என்று படித்து நாம் நடுங்குகிறோம். நம் சந்தைகளுக்குப் பக்கத்தில் தூக்குமரம் நின்றது நமக்குத் தெரியாது.

அந்த வருஷத்தின் கடைசி மாதங்களில் பிரான்ஸிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் கவர்னர் ஜெனரலின் உத்தரவின் பேரில் இந்தப் பக்கங்களைச் சுற்றிப் பார்த்தார். மண், மாடு, பயிர், கிணறு, தறி, வரி எல்லாவற்றையும் அக்கறையாக விசாரித்து எழுதினார். 1807-ல் மூன்று பாகமாக அது புத்தகமானது. எந்தத் தறியில் என்ன துணி நெய்தார்கள், எத்தனை கூலி என்று அறிய விரும்புகிறவன் இன்றும் அதைத்தான் புரட்ட வேண்டும். புதிதாக வாங்கிய பண்ணையை ஒருவன் கணக்கெடுப்பது போன்ற புத்தகம் அது. அந்தப் பண்ணையில் சில மாதங்களுக்கு முன்னால்தான் நாற்பது வீடுகளில் ஒப்பாரி எழுந்திருந்தது.

தூந்தாஜி வாக் 1800 செப்டம்பர் 10-ம் தேதி சண்டையில் மாண்டார். அவரை விரட்டிச் சென்ற தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னால் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் பிரபு என்று புகழ் பெற்றவர் அவரேதான். 1801 ஜூன் 16-ம் தேதி சின்ன மருது வெளியிட்ட பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. சாதி பேதமின்றி எல்லோரும் ஒன்று சேர்ந்து வெள்ளையரை விரட்ட வேண்டும் என்று அது கேட்டது. அவ்வருஷம் அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

கொங்கு நாட்டில் மட்டும் நெருப்பு அவியவில்லை. காங்கயத்துக்குப் பக்கத்தில் மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி என்ற தீரன் சின்னமலை இன்னும் நான்கு வருஷம் கும்பினியைத் தூங்கவிடவில்லை. கொங்கு நாட்டு வரிப் பணம் மைசூருக்குப் போகிற வழியில் அதை மறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்றும், யார் பறித்தது என்று கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை என்று சொல் என்று சொல்லியனுப்பினார் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்லாத பாட்டி இல்லை. ஓடாநிலையில் கோட்டை கட்டினார். காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கும்பினியோடு மோதினார். முடிவில் பிடிபட்டு, 1805 ஜூலை 31-ம் தேதி சங்ககிரிக் கோட்டையில் தம்பியரோடு தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டாம் நாள் அது. காவிரியில் புதுவெள்ளத்துக்கு மஞ்சளும் காதோலையும் விடுகிற நாளில் கொங்கு நாட்டில் பல வீடுகளில் அந்தத் தூக்குமரமும் நினைவுக்கு வரும்.

சங்ககிரி மலைமேல் நான் ஏறியிருக்கிறேன். வாசலுக்கு மேல் வாசலாகக் கடந்து போக வேண்டும். ஒவ்வொரு வாசலும் முன்னதைவிட உயரத்தில் இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. மேலே நின்று சுற்றிலும் பார்த்தால் வெயிலில் கிடக்கிற வெளிதான். கூட வந்த ஊர்க்காரர் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் என்று ஓரிடத்தைக் காட்டினார். அவரோடு இங்கே கொண்டுவரப்பட்ட மற்றவர்கள் யார், ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரில் செத்த அந்த நாற்பது பேர் யார் என்று கேட்டேன். அதெல்லாம் யாருங்க எழுதி வெச்சாங்க என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. எழுதி வைத்தவன் கும்பினிக்காரன்தான். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அவனுடைய கடிதங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. கே. ராஜய்யன் போன்ற சரித்திரப் பேராசிரியர்கள் வருஷக் கணக்கில் அவற்றைப் படித்து, 1800, 1801-ம் வருஷக் கிளர்ச்சியின் உருவத்தை மீட்டுத் தந்திருக்கிறார்கள். 1971-ல் வந்த ராஜய்யனின் புத்தகம் அதைத்தான் இந்தியாவின் முதல் சுதந்திரப் போர் என்று சொல்கிறது. ஆனால் அந்தக் கடிதக் கட்டுகளில் நம்முடைய மனிதர்கள் 'கலகக்காரர்' என்ற ஒரே பெயரில் அடங்கிவிடுகிறார்கள். தூக்கிலிட்டவன் கணக்கு வைத்தான், முகத்தை வைக்கவில்லை. இன்னொரு பக்கம், ஊர்க் கதைகளில் சின்னமலையைக் காட்டிக் கொடுத்த சமையற்காரன்கூட நிலைத்து நிற்கிறான். துரோகியை மறக்காத ஊர் கூட நின்றவனை மறந்துவிட்டது.

முகம் என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இது கொங்கு நாட்டுக் கதை அல்ல. அதே கூட்டணியில் நின்ற சிவகங்கையின் கதை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, பிடிபட்டவர்களில் எழுபத்துமூன்று பேரை 1802-ல் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு ஆயுள் தண்டனையாக அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. பதினைந்து வயதுப் பிள்ளை. கும்பினிப் படையில் வெல்ஷ் என்று ஓர் அதிகாரி இருந்தார். சமாதான நாட்களில் சின்ன மருதுவோடு பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டவர். யுத்தம் வந்ததும் அந்தக் குருவுக்கு எதிராகவே அணிவகுத்தவர். 1818-ல் அவர் பினாங்குக்குப் போனார். அங்கே தள்ளாத கிழவன்போல் ஒருவன் அவரிடம் வந்தான். யாரென்றே அடையாளம் தெரியவில்லை. அவன்தான் துரைசாமி. வயது முப்பது சொச்சம்.

வெல்ஷ் மனம் நொந்து 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்தார். பகைப் படையில் இருந்தவன் எழுதியிராவிட்டால் இதுவும் நமக்குத் தெரிந்திருக்காது. டிக்கன்ஸ் கற்பனையாகப் படைத்த டாக்டர் மானெட்டுக்குப் பதினெட்டு வருஷச் சிறை. நம் துரைசாமிக்கு அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. மானெட்டைத் தேடிக்கொண்டு ஒரு மகள் கடல் கடந்து போனாள். துரைசாமியைத் தேடிக்கொண்டு அவருடைய ஊரிலிருந்து யார் போயிருக்க முடியும்? இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பதினைந்து வயதுப் பையன் கப்பலில் முதல் ராத்திரி என்ன நினைத்தான் என்று எந்தக் கடிதக் கட்டும் சொல்லாது.

ஆகையால்தான் நாவல் வேண்டும் என்கிறேன். ஆனால் எப்படிப்பட்ட நாவல்? நம்மவர் எல்லாரும் தெய்வம், எதிரி எல்லாரும் அசுரன் என்று எழுதினால் அது தெருக்கூத்தாகலாம், நாவலாகாது. கும்பினிப் படையில் துப்பாக்கி தூக்கி நின்ற சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்களே. ஜூன் 3-ம் தேதி கோயம்புத்தூர்க் கோட்டைக்குள் மொஹரம் கொண்டாட இருந்த அந்தச் சிப்பாய்க்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. திட்டம் பலித்திருந்தால் அவர்கள் கதி என்ன? வரிக்கு அஞ்சி இரு தரப்புக்கும் தானியம் கொடுத்த ஊர்க் கவுண்டர், இரு தரப்புக்கும் கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளை, வழியில் வண்டியோடு மறிக்கப்பட்ட பருத்தி வியாபாரி இவர்களெல்லாம் எந்தப் பக்கம்? டிக்கன்ஸ் பாரிஸுக்கு வைத்த தராசை, நமக்கு வைக்க மறுத்த அதே தராசை, நாம் நம்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கோபத்தின் காரணமும் வேண்டும். கோபத்தின் குற்றமும் வேண்டும். அது இல்லாவிட்டால் நாமும் எல்லைக்கல் நட்டவர்களாகி விடுவோம்.

எனக்கு டிபார்ஜ் அம்மாளை மறக்க முடியாததற்கு இதுவே காரணம். அவள் பின்னியது சாக வேண்டியவர்களின் ஜாபிதா. அதைப் பின்னாதே, கையை எடு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவளிடம் இருந்த ஒரு குணம் நம்மிடம் இல்லை. ஒரு பெயரையும் நழுவ விடாத குணம் அது. அந்தக் கையால் பழியைப் பின்னாமல் நினைவைப் பின்னினால் என்ன? செத்தவர்களின் ஜாபிதாவை யாராவது ஒருத்தி பின்னி வைத்திருந்தால் சங்ககிரி மலைமேல் நான் கேட்ட கேள்விக்கு விடை இருந்திருக்கும்.

இந்தக் குறை பழைய காலத்தோடு போய்விட்டதும் அல்ல. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1932 ஜனவரி 10-ம் தேதி திருப்பூர்த் தெருவில் கொடியோடு அடிபட்டு, மறுநாள் உயிர் விட்ட குமரனை நமக்குத் தெரியும். சிலை வைத்திருக்கிறோம், தெருவுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். சின்னமலைக்கும் குமரனுக்கும் நடுவே நூற்றிருபத்தேழு வருஷம். முன்னவர் வாள் எடுத்தார். பின்னவர் கொடி மட்டும் எடுத்தார். வன்முறைப் புரட்சியைப் பற்றி ஒரு நாடு என்ன யோசித்தது என்பதை இந்த இரண்டு பேரை வைத்தே எழுதிவிடலாம். இரண்டு நகரம்கூட வேண்டாம், அடுத்தடுத்த இரண்டு ஊர் போதும். ஆனால் குமரனோடு அன்று ஊர்வலத்தில் நடந்து தடியடி பட்டவர்களின் பெயர்களை திருப்பூரில் இன்று எத்தனை பேரால் சொல்ல முடியும்?

காங்கயம், தாராபுரம், அரச்சலூர், ஓடாநிலைப் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் சில பாட்டுகளும் கதைகளும் இருக்கின்றன. எங்கள் கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் அந்தச் சண்டையில் போனவன் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அதில் பாதி மிகையாக இருக்கலாம். இருக்கட்டும், உமியை அப்புறம் புடைத்துக்கொள்ளலாம். முதலில் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இதைப் படிக்கிற இளைஞர்கள், பனியன் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டதும், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் பெயர்களை ஊரும் உறவும் சேர்த்து எழுதிக்கொண்டு வரட்டும். நாவலை யார் வேண்டுமானாலும் பிறகு எழுதலாம். பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்களா என்பதுதான் என் கவலை.